கயிறு கட்டிய கை

என் அண்ணன் பீடியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. அம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்து, வலது மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டார். “பீடி, சிகரெட் தொட மாட்டேன்” என்று பூசாரி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார். பக்கத்தில் நின்று சந்தோஷத்தில் அழுத முட்டாள் தங்கச்சி நான்தான். சத்தியத்தில் கஞ்சாவையும் சேர்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொம்மையார்பாளையத்தில் ஒரு விடுதித் தோட்டத்தில் அவருக்கு வேலை. கஞ்சாப் பழக்கம் அங்கே வந்ததுதான். கேட்டால், “புகையிலைதான் விஷம். இது மூலிகை, நெஞ்சுக்கு ஒண்ணும் பண்ணாது” என்பார். பீடியையாவது இழுத்ததும் ஊதி விட்டுவிடுவார். இதைக் கண்ணை மூடி நெஞ்சுக்குள்ளேயே அடக்கி வைத்துக்கொள்வார். காலையில் அவர் இருமிச் சளி துப்பி முடிக்கும்வரை அண்ணி காபியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

போன மாதம் திண்டிவனத்திலிருந்து நான் கிளம்பிப் போய், அவரைப் பிடிவாதமாக விழுப்புரத்தில் நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனேன். குழாயில் ஊதச் சொன்னார்கள். பாதியிலேயே மூச்சு தீர்ந்துபோனது.

“பீடி, சிகரெட் உண்டா?” என்றார் டாக்டர்.

அண்ணன் கயிற்றைக் காட்டினார். “சாமி சத்தியம் சார். வுட்டு மூணு வருஷம் ஆவுது.”

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். கஞ்சா என்று சொன்னால் போலீஸ்வரை போய்விடுமோ என்று எனக்குப் பயம். சுற்றிவளைத்துக் கேட்டேன். “வேற புகைன்னாலும் இப்படி ஆவுமா சார்?”

“எந்த இலை எரிஞ்சாலும் புகையில தார் இருக்கும்மா. உள்ள தங்கத் தங்க அதிகமா படியும். வீட்ல விறகடுப்பா?”

“ஆமா சார்” என்று அண்ணன் முந்திக்கொண்டார்.

“அப்ப அதுவா இருக்கலாம். முதல்ல அதை நிறுத்துங்க.”

வீடு திரும்பியதும் அண்ணன் கடப்பாறையை எடுத்து, பின்கட்டில் அண்ணி வெந்நீர் போடும் செங்கல் அடுப்பை இடித்துத் தள்ளினார். “டாக்டரே சொல்லிட்டாரு. இனிமே வூட்ல புகையே ஆவாது.” மனதார நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருமல் அடங்கும்வரை கடப்பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சவுக்குத் தோப்புப் பக்கம் நடந்தார்.

“டாக்டர்கிட்ட நீயாவது சொன்னியாம்மா?” என்று அண்ணி கேட்டாள்.

நான் குனிந்து செங்கற்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.