ஜன்னல் வைத்த உறைகள்

கடைக்குள் நுழைந்தால் பதினைந்தே நிமிடத்தில் ஒரு கிழமைக்கான சாமான்களோடு வெளியே வந்துவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான். தொண்ணூறுகளின் நடுவில், ஹம்பேர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்திலிருந்த சிறிய நகரத்தில், அகதிகள் விடுதியின் இரண்டாம் மாடியில் இருந்தபோது அந்தத் திறமை எனக்குக் கைவந்தது.

அங்கே சாப்பாட்டுக்குக் காசு தரமாட்டார்கள். மாதத் தொடக்கத்தில் ‘குட்சைன்’ என்ற தாள்களைத் தருவார்கள். ஐம்பது மார்க், இருபது, பத்து, ஐந்து என்று மதிப்பு அச்சடித்திருக்கும். நகரத்தில் இரண்டு கடைகளில் மட்டும் அவை செல்லும். மிச்சக்காசு தாளின் மதிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்காது. இருபது மார்க் தாளுக்குப் பதினாறு மார்க் சாமான் வாங்கினால், இரண்டு மார்க்கைக் கடைக்குத் தானம் செய்துவிட்டு வரவேண்டும்.

எனக்கு அது பொறுக்கவில்லை. வக்கீலும் அரசாங்க அலுவலகங்களும் அனுப்பிய கடிதங்களின் உறைகளை நான் எறிவதில்லை. முகவரி தெரிவதற்காக முன்பக்கத்தில் கண்ணாடித்தாள் ஜன்னல் வைத்த உறைகள் அவை. கடைத் தட்டுகள் எந்த ஒழுங்கில் வருகின்றனவோ அதே ஒழுங்கில் ஐந்து உறைகள் வைத்தேன்: மரக்கறி, பால், மா, இறைச்சி, சவர்க்காரம். உறையின் பின்பக்கத்தில் வாங்கவேண்டியவற்றை விலையோடு எழுதி, தாளின் மதிப்புக்குக் கிட்டவாகக் கூட்டிவைப்பேன். கிழமைதோறும் கடை விளம்பரத்தாள் வந்ததும் விலைகளைத் திருத்துவேன். மதிப்பு மட்டும் ஜன்னலில் தெரியும்படி தாளை மடித்து வைத்தால் உறையைத் திறந்து பார்க்கவே தேவையில்லை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்குமுன் நான் தெருவில் நிற்பேன்.

விடுதியில் ஆறு குடும்பங்கள் என் முறைக்கு மாறின. மாறாதவர் ஒருவர்தான். எதிர் அறையில் இரண்டு மகன்மாரோடு இருந்த மன்னார் அக்கா. அவருடைய தாள்கள் கைப்பைக்குள் செபமாலையோடும் பஸ் டிக்கட்டுகளோடும் இருமல் இனிப்புகளோடும் கசங்கிக் கிடக்கும். காசாளருக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகத் துழாவி எடுப்பார். ஒருநாள் வரிசையில் பின்னால் நின்ற எனக்கு வெட்கமாகிவிட்டது.

“அக்கா, இப்பிடிக் கசக்கி வைச்சா எப்பிடிக் கணக்குத் தெரியும்? ஒரு உறையிலை போட்டு வையுங்கோவன்.”

“எனக்கு அதெல்லாம் ஏலாது பிள்ளை. கைக்கு வாறதைக் குடுப்பன்.”

இதை நான் வீட்டில் நடித்துக்காட்டிச் சிரித்தேன். அப்படிச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

அந்த வருடம் என் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். உயிர்த்த ஞாயிறு கழிந்து அடுத்த ஞாயிறு. ஜெர்மனிக்கு வந்த மூன்று வருடத்தில் நாங்கள் எல்லாருடைய வீட்டிலும் சாப்பிட்டிருந்தோம். எங்களிடம் வந்து ஒருவர்கூட வயிறாரச் சாப்பிட்டதில்லை. அது எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. ஹம்பேர்க்கிலிருந்து அண்ணர் குடும்பமும் வேறு சிலருமாகப் பதினான்கு பேரைக் கூப்பிட்டேன். தவக்காலம் முழுவதும் நாங்கள் இறைச்சி தொடுவதில்லை. ஆகவே பெப்ரவரியிலும் மார்ச்சிலும் இறைச்சி உறையை நான் தொடவே இல்லை. ஜன்னலில் ஐம்பதும் இருபதுமாகத் தொண்ணூறு மார்க் சேர்ந்திருந்தது. அதை நம்பி ஏப்ரல் தாள்களில் அரிசி, பருப்பு, கேக்குக்கான சாமான் எல்லாம் முன்கூட்டியே வாங்கி முடித்துவிட்டேன். கோழி மட்டும் கடைசி நாளில். மாடிக்கு ஒன்றாக இருந்த குளிர்பெட்டியில் எங்களுக்கு ஒரு தட்டுத்தான்.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு எட்டுக் கோழி, வெண்ணெய், முட்டையோடு காசாளரிடம் நின்றேன். இறைச்சி உறையைத் திறந்து தாள்களை விரித்தபோது அந்தப் பெண் மதிப்பைப் பார்க்கவில்லை, மடிப்புக்குள் இருந்த திகதியைப் பார்த்தாள். “அப்கெலௌஃபன்” என்றாள். காலாவதி. விசா பற்றி வக்கீல் எழுதும் கடிதங்களில் பார்த்துப் பயந்த சொல் அது. தவக்காலத்தில் மிச்சம்பிடித்த தாள்கள் மாதம் முடிந்ததுமே செத்துப்போயிருந்தன. கடை பூட்டும் இரண்டு மணிவரை தள்ளுவண்டியை ஒதுக்கி வைப்பதாக அவள் சொன்னாள். நல்ல பெண்.

வீட்டுக்கு ஓடினேன். கணவர் கேட்டுவிட்டு, “எதிர் அறை அக்காவைக் கேட்டுப்பாரும்” என்றார்.

“நான் போகமாட்டன். பருப்பும் சோறும் குடுப்பம்.”

“பிள்ளையின்ரை புதுநன்மைக்கோ?”

போனேன். அக்கா பழங்கதை எதையும் எடுக்கவில்லை. கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்தார். செபமாலைக்கும் இனிப்புகளுக்கும் நடுவே கசங்கிய தாள்களைப் பொறுக்கி மடியில் வைத்துத் தேய்த்து நிமிர்த்தினார். எல்லாம் ஏப்ரல் தாள்கள். நூற்றைந்து மார்க் இருந்தது.

“இதிலை எவ்வளவு வேணுமோ எடும் பிள்ளை.”

“அக்கா, இது உங்கடை மாசச் சாப்பாடு.”

“அதுக்கென்ன. நாளைக்கு உம்மடை வீட்டிலைதானே சாப்பாடு. சின்னவன் சட்டை கூட மினுக்கி வைச்சிட்டான். மற்ற நாளைப் பிறகு பாப்பம்.”

கதவின் பின்னால் இஸ்திரி போட்ட இரண்டு வெள்ளைச் சட்டைகள் தொங்கின.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைக்குள் நுழைந்து பத்துக் கோழியோடு வெளியே வந்தேன். அந்த மாதம் முடியும்வரை எங்கள் அரிசியையும் பருப்பையும், அக்காவின் மிச்சத் தாள்களையும் வைத்து இரண்டு குடும்பமும் ஒரே பானையில் சாப்பிட்டோம். அடுத்த மாதத்திலிருந்து என் ஜன்னல்களில் திகதிதான் தெரிந்தது. அக்காவின் தாள்கள் பழையபடி பைக்குள்ளேயே கசங்கின. அவருக்கு உறைப் பாடம் எடுப்பதை நான் விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்றை அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. கோழிக் கணக்குப் பிசகாதபடி ஒவ்வொரு பெயராக எழுதி, இரண்டுமுறை சரிபார்த்து வைத்த அந்தப் பதினான்கு பேரில் அக்காவும் மகன்மாரும் இல்லை.