எம்.எல்.ஏ. பெயர் வைக்கும் வரை

தேனாம்பேட்டை ஆட்டோக்காரர் ரகுபதிக்குப் பெண் பிறந்த அதே வாரம்தான் அவர் தலைவர் என்று கொண்டாடும் கதிரேசன் முதல்முறையாக எம்.எல்.ஏ. ஆனார். இதற்குமேல் என்ன வேண்டும்? குழந்தைக்குத் தலைவர்தான் பெயர் வைக்க வேண்டும் என்று ரகுபதி ஒற்றைக்காலில் நின்றார். கட்சிக்காரர் வீட்டு வழக்கம் அது. அதுவரைக்கும் பிள்ளையைப் பாப்பா என்று கூப்பிட்டார்கள்.

தி.நகர் கல்யாண மண்டபம் ஒன்றில் தலைவர் குழந்தையை மடியில் வாங்கினார். போட்டோவுக்குச் சிரித்தார். பெயர் சொல்ல வாயைத் திறந்தபோது போன் வந்தது. மந்திரி பதவி விஷயமாம்! பிள்ளையை யார் கையிலோ திணித்துவிட்டுப் பறந்தார். பாவம், அவருக்குப் பதவியும் கிடைக்கவில்லை, இவளுக்குப் பெயரும் கிடைக்கவில்லை.

அப்புறம் அவருக்கு ஏது நேரம்? சட்டசபையில் மேசையைத் தட்ட வேண்டும். பஸ் நிழற்குடையில் தன் பெயரைப் பெரிதாக எழுதவைக்க வேண்டும். அடுத்த தேர்தலில் தோற்று, யார் முகத்திலும் விழிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டார். பாப்பாவைப் பள்ளியில் சேர்க்கும் வயது வந்தது அப்போதுதான்.

"இன்னாய்யா, பெத்தவ நானு. நானே ஒரு பேரு வெச்சிட்டுப் போறேன்!" என்று கத்தினாள் மனைவி சுலோச்சனா.

"கம்முனு கெட. இப்போ பாப்பான்னே எழுதிக்கட்டும். தலைவரு வெச்சதும் மாத்திக்கலாம்."

பிறகு தலைவருக்கு மனசாட்சி உறுத்தி, கட்சி மாறினார். உறுத்தல் சரியாக சீட்டு கொடுக்கிற நேரம் பார்த்து வந்தது. ஜெயித்தார். ரகுபதியும் ஆட்டோவில் கொடியை மாற்றினார். ஆதார் அட்டையில் பாப்பா, மார்க் ஷீட்டில் பாப்பா. வகுப்பில் பையன்கள் தாலாட்டுப் பாடி வெறுப்பேற்றினார்கள். மகள் அழுதுகொண்டு வந்த நாள்களில் ரகுபதி அவளைச் சமாதானப்படுத்தினார். மறுநாளே பெயர் கேட்டுத் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

இந்தத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு ரகுபதி குடியிருக்கும் சந்துக்கே கதிரேசன் வந்துவிட்டார். ரகுபதி ஓடிப்போய் மகளை முன்னால் நிறுத்தினார். "தலைவரே, நம்ம பொண்ணு. பேரு..."

தலைவர் அவள் கையிலிருந்த பூத் சிலிப்பை வாங்கிப் படித்தார். "பாப்பா! அடடா, எவ்வளவு அழகான பேரு! யாரும்மா வெச்சது?"

"நீங்கதான் சார். இருபது வருசமா யோசிச்சிக்கினு கீறீங்களே" என்றாள் பாப்பா.

தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். கூட்டம் ரகுபதியைப் பார்த்தது. 'வாழ்க' கோஷத்தை எப்போதும் ஆரம்பிப்பவர் அவர்தான். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.