நான்கு விரல் நகர்ந்த மண்

காலை பத்து மணிக்கு மலாக்காவில் எங்கள் மின் அலுவலகத்தின் காற்றாடி நின்றது. மலையில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது என்று எல்லாரும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மணி அடித்தது. மண் சரிந்து மின்கம்பிக் கோபுரம் விழுந்துவிட்டது, ராஜு மண்ணுக்குள் இருக்கிறார் என்றார்கள்.

கஜா பெராங்கில் சிட்டிக் கம்பம் என்ற கிராமத்து ராஜு அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். மலையேறிப் போகும் மின்கம்பித் தடத்தை நடந்தே பார்த்து வருவது அவர் வேலை. அவர் கொண்டுவரும் சேதியை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வது என் வேலை. பழைய தமிழ் வணிகர் வழிவந்த மற்றச் சிட்டிகளைப் போல அவரும் வீட்டில் மலாய் பேசி வளர்ந்தவர். எங்களுக்காக உடைந்த தமிழைக் கலந்து பேசுவார்.

சரிவில் நிற்கும் கோபுரங்களுக்கு மேல்புறத்து மண்ணில் மூன்று முளைகளை ஒரே கோட்டில் அடித்து வைப்பார். ஓரத்து இரண்டும் கெட்டி மண்ணில் இருக்கும். நடு முளை கோட்டைவிட்டு இறங்கினால் மலை நகர்கிறது என்று பொருள். இறங்கிய தூரத்தை விரலால் அளப்பார். எழுதத் தெரியாததால், காகிதத்தில் அத்தனை விரல்களை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து கொண்டுவருவார். அலுவலகத்தில் அதைப் பார்த்துச் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, நான்கு விரல் வரைந்த காகிதத்தை என் மேசையில் வைத்தார்.

"தானா சுடா ஜாலான், தம்பி."

மண் நடக்கத் தொடங்கிவிட்டது என்கிறார்.

"சத்து மிங்கு, ஒரே வாரம், நாலு விரல். மழை வர்றதுக்கு முன்ன கோபுரம் மாத்தணும்."

"விரல்னு எழுதினா வெள்ளைக்காரத் துரை சிரிப்பாரு அண்ணே."

"சிரிக்கட்டும். சிரிச்சிட்டு மேல வந்து பாக்கட்டும்."

நான் விரலை எழுதவில்லை. படித்த ஆங்கிலத்தின்மீது எனக்கு அவ்வளவு கர்வம். 'சிறிதளவு நகர்ந்துள்ளது' என்று அழகாக அடித்துக் கொடுத்தேன். கோபுரத்தை மாற்றினால் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஊரெங்கும் அலங்கார விளக்கு எரிய வேண்டிய நேரம். சிறிதளவுதானே, கொண்டாட்டம் முடியட்டும் என்றார் துரை. முடிந்த பிறகு யாருக்கும் அது நினைவில்லை. ராஜு அண்ணன் மட்டும் வாரந்தோறும் வந்து கேட்டார். மேலே அனுப்பியாயிற்று என்று நானும் வாரந்தோறும் சொன்னேன்.

மழை பிடித்துக்கொண்டதும் மண்வெட்டியோடு தானே ஏறிப்போய், தண்ணீரைத் திருப்பிவிடக் கோபுரத்துக்கு மேலே வாய்க்கால் வெட்டினார். யாரும் அவரை அனுப்பவில்லை. அந்த வாய்க்கால் இருந்த இடத்தில்தான் அவரைத் தோண்டி எடுத்தார்கள்.

போகியன்று சிட்டி மக்கள் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் 'பார்ச்சு' படைப்பார்கள். இந்த முறை அவருக்கும் ஓர் இலை போட்டிருந்தது. அவர் மனைவி என்னை உள்ளே அழைத்து, மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தீர்கள்தானே? ஆமாம் என்றேன். அந்த வீட்டுச் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

புதுக் கோபுரத்தைத் தள்ளி நட்டுவிட்டார்கள். காற்றாடி சுழல்கிறது. இதை எழுதி என் மனம் ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் காகிதம் ஒன்றுதான். எடுத்து என் விரல்களை அதன்மேல் வைத்துப் பார்க்கிறேன். நான்கையும் வைத்த பிறகும் கோட்டுக்குள் இடம் மிஞ்சுகிறது.