அஸ்டி குடித்த சனிக்கிழமை

டென்மார்க்கின் இக்காஸ்டில் நாங்கள் வேலை செய்த துணி ஆலையில், என் மேசைக்கு எதிரே ஒரு டேனிஷ் பெண் பெனியன் மடித்துக்கொண்டிருப்பார். அதே ஆலையில் வேலை செய்த மன்னார் அண்ணையின் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் இங்கே வர அனுமதி கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், அந்தப் பெண் இரண்டு போத்தல் அஸ்டி வைன் வாங்கிவந்து அண்ணையின் கையில் கொடுத்தார்.

“இத்தாலியின் வடக்கே மலைச்சரிவுகளில் மஸ்கட் திராட்சையில் செய்வது. புதுவருடத்துக்குப் பாதாம் கேக்கோடு இதைத்தான் குடிப்போம். ஸ்ட்ரோபெரிக்கும் நல்லது. குளிரவிட்டு, சின்னக் கிளாசில், கொஞ்சமாக” என்று விரலால் அளவும் காட்டினார்.

அண்ணையும் நானும் ஓர் அறையில் இருந்தோம். பின்னி வரும் துணியை வெளிச்சத்தின் மேல் ஓடவிட்டு, ஓட்டையைக் கண்டால் சோக்கால் குறியிடுவது அவருடைய வேலை. அந்த வேலையை நம்பித்தான் குடும்பத்தைக் கூப்பிட்டிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் போத்தல்களை யன்னலுக்கு வெளியே பனியில் புதைத்தோம். பாதாம் கேக்குக்கு எங்கே போவது? மக்கரல் மீனுக்கு மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தேன். தக்கை வெடித்துச் சீலிங்கில் பட்டது. நான் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். அண்ணை சிரித்துச் சிரித்துத் தேநீர்க் கோப்பைகளில் ஊற்றினார். உண்மையைச் சொன்னால், உறைப்பு மீனுக்கு மேல் அந்தக் குளிர்ந்த இனிப்பு நன்றாகவே இறங்கியது.

“மெல்லக் குடியுங்கோ அண்ணை.”

“புளிச்சாத்தானேடா கள்ளு கடிக்கும். இது பால்குடிப் பிள்ளை.”

எங்கள் ஊர்க் கணக்கு அதுதான். இனிக்கிற கள் வெறிக்காது. நான் இரண்டு கோப்பையோடு நிறுத்தினேன். மிச்சம் முழுவதையும் அவர் குடித்தார்.

ஞாயிறு காலை, “தம்பி, உந்த யன்னல் கண்ணாடியைத் துடைச்சுவிடு, பனி மூடினமாதிரிப் புகாராக் கிடக்கு” என்றார். எழும்பிப்போய்ப் பார்த்தேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது.

திங்கட்கிழமை இடைவேளையில் கன்டீன் மேசையில் ஒரு பேப்பர் கிடந்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டேனிஷை எழுத்தெழுத்தாகத்தான் கூட்டுவேன். இத்தாலி, வைன், சாவு, குருடு. நாலு சொல் போதுமாக இருந்தது. டேனிஷ் பெண்ணிடம் காட்டினேன். அந்த வடக்குப் பக்கத்து வைனில்தான் யாரோ மரஸ்பிரிட் என்ற நஞ்சைக் கலந்திருக்கிறார்கள் என்றார்.

“ஆனால் அது மலிவான சிவப்பு வைன். இது அதில்லை.”

நான் நம்பவில்லை. ஊரில் ஸ்பிரிட் கலந்த கசிப்புச் சாராயத்தைக் குடித்துக் கண் போனவர்களை நேரே பார்த்திருக்கிறேன். அவர்களும் முதலில் புகார் என்றுதான் சொன்னார்கள். அன்று முழுக்க ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் என் மெசினின் ஊசியைப் பார்த்தபடி இருந்தேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போவம் அண்ணை.”

“போய்? குடிகாரன் எண்டு எழுதி வைப்பான். அந்தக் கடதாசி பொலிசுக்குப் போகும். பிறகு அவளும் பிள்ளையளும் எப்பிடி வாறது?”

“அப்பிடிச் செய்யமாட்டாங்கள்.”

“ஆர் சொல்லுறது எண்டு பார். தபால்காரனைக் கண்டாலே வேர்க்கிறவன்!”

அரசாங்கக் கடிதம் என்றால் எனக்கும் பயம் என்பதால் மேலே வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் அப்படியே போயிற்று.

புதன்கிழமை ஃபோர்மன் ஒரு துணிச் சுருளைத் தூக்கிவந்து அண்ணைக்கு முன்னால் விரித்தார். உள்ளங்கை அளவு ஓட்டை. எங்கே என்று காட்டச் சொன்னார். அண்ணை துணியைத் தடவித் தடவி ஓரிடத்தில் விரலை வைத்தார். அங்கே ஒன்றும் இல்லை. ஃபோர்மன் சுருளைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அண்ணையின் கையைப் பிடித்து, பக்கத்து நகரமான ஹேர்னிங் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றினேன். இந்த முறை அவர் மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் ஒருவர். இத்தாலி, வைன், கண் என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னேன். அவர் விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்தார். கண்ணுக்குள் மருந்து விட்டு, இருட்டு அறையில் நெடுநேரம் பார்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, நான் விளங்கிக்கொள்ளும்படி மெதுவாகச் சொன்னார். நஞ்சு இல்லை. இரத்தம் முழுக்கச் சீனி. அது சனிக்கிழமை வந்ததல்ல, வருடக்கணக்கில் இருப்பது. அந்த இனிப்பு வைன் அதை ஏற்றிவிட்டது, அவ்வளவுதான். சீனி இறங்க இடது கண் தெளியும். வலது கண்ணின் பின்னால் இரத்தம் கசிந்திருக்கிறது. அந்தக் கண் தெளியும் என்று நம்ப வேண்டாம். இதை அவரிடம் சொல்.

“என்னவாம்? நஞ்சோ?”

“இல்லை அண்ணை. சலரோகமாம்.”

“சீனி வருத்தமோ! அதுக்கே என்னை இவ்வளவு நடுக்கினனீ?” சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. “கண்?”

வைத்தியர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெளியுமாம்.”

“ரெண்டுமோ?”

“ஓம் அண்ணை. ரெண்டும்.”

அண்ணை நாற்காலியைப் பிடித்து எழும்பினார். “தாக், தாக்” என்று டேனிஷில் நன்றி சொல்லிக் கையை நீட்டினார். வைத்தியர் நின்றது அந்தப் பக்கத்தில் அல்ல.