இரண்டு டிரைவிலும் சந்தனப் பொட்டு

சென்ற வாரம் அந்தோணி அண்ணனின் மனைவி மேரி அக்காவிடமிருந்து அழைப்பு வந்தபோது, கடையில் ஒரு மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "கலா, அண்ணன் போயிட்டாரும்மா. காலையில எழுப்பினேன், எந்திரிக்கல." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. கையிலிருந்த திருகாணிகள் எங்கே உருண்டன என்று இன்னும் தேடவில்லை.

அண்ணனை வைத்துக் கல்யாண வீடியோ எடுத்த தம்போய், மாசாய் வட்டாரக் குடும்பங்களுக்கு அவர் குணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. தோளில் கேமரா, வாயில் "சீக்கிரம் லா!" மாப்பிள்ளையிலிருந்து ஐயர்வரை எல்லோரையும் விரட்டுவார். அவர் படம் பிடிப்பார், நான் தொகுப்பேன். ஒரே கடை, ஓயாத சண்டை. ஆனால் எடுத்ததை உரியவர் கையில் ஒப்படைக்கும்வரை மனிதருக்கு இருப்புக்கொள்ளாது. "நம்மகிட்ட இருக்குற வரைக்கும் அது நம்ம வீட்டுக் கல்யாணம்" என்பார்.

ஒரு வருடம் எங்கள் மடிக்கணினி ஒவ்வொரு படத்துக்கும் திக்கித் திணறிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் ஹார்ட் டிரைவை மாற்றினால் சரியாகும் என்று புதிதாக ஒன்று வாங்கினோம். வேகம்தான் கூடுதல், அளவும் கறுப்பு உறையும் பழையதைப் போலவே இருந்தன. பழையதில் கோத்தா திங்கி ஊர்த் தேவியின் கல்யாணம் இருந்தது. கேமரா அட்டைகளை அடுத்த வேலைக்காக அழித்துவிட்டோம். வேறு நகல் கிடையாது. கல்யாணம் முடிந்த சில வாரங்களில் தேவியின் அப்பா இறந்துவிட்டார். கல்யாணத்தில் அவர் பேசியதைக் கருமாதியில் போட வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

அன்று ஆயுத பூசை. பழைய டிரைவைக் கழற்றியதும் அடையாளத்துக்காக அதன்மேல் சந்தனப் பொட்டு வைத்தேன். அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். பூசைக்கு வைத்ததை அன்று தொடக் கூடாது என்பதால் நகலெடுப்பதை மறுநாள் காலைக்குத் தள்ளினோம்.

நகலெடுக்கும் பெட்டியில் இரண்டு பள்ளங்கள். முன்னால் இருப்பதை அப்படியே எடுத்து, பின்னால் இருப்பதை அழித்து எழுதும். எது பழசு என்று அதற்குத் தெரியாது. காலையில் நான் கோப்பி கலக்கப் போயிருந்தேன். அண்ணன் பொட்டு வைத்த டிரைவை முன்னால் சொருகினார், மற்றதைப் பின்னால் சொருகினார், பட்டனை அழுத்தினார். பிறகுதான் பார்த்தார்.

"அலமாக்! கலா, ரெண்டுலயும் பொட்டு இருக்கு!"

சொல்லிக்கொண்டே மின்கம்பியைப் பிடுங்கினார். புதியதற்குப் பொட்டு வைத்தது யார் என்று கத்தினேன்.

"நான்தான். நேத்து பூசையில புதுசு மட்டும் வெறும் நெத்தியோட கெடந்துச்சு. நான் வேதக்காரன்கிறதால பூசையில ஒண்ணை விட்டுட்டேன்னு இருக்கக் கூடாதுல்ல."

இரண்டையும் மாற்றி மாற்றி என் கணினியில் சொருகினேன். இரண்டும் காலி என்றது. முன்னால் வைத்தது புதியது, பின்னால் அழிபட்டது பழையது. மீட்டுப் பார்த்துவிட்டுத் தேவியிடம் சொல்லலாம், அதுவரை வாயைத் திறக்க வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. ஒலிபெருக்கியைப் போட்டு அங்கேயே அழைத்தார்.

"தேவி, அந்தோணி பேசுறேன். என் கை தப்பு பண்ணிருச்சும்மா. டிரைவுல அப்பா இருக்காரா போயிட்டாரான்னு இப்ப எனக்குத் தெரியாது. தேடிக்கிட்டிருக்கோம்."

"நான் வரேன் அங்கிள்" என்றாள்.

அவள் வந்து சேர்ந்தபோது மீட்பு மென்பொருள் பெயரில்லாத துண்டுகளாக எதை எதையோ கொட்டியிருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். செருப்புக் குவியல், பந்தி, பாயசம், ஊஞ்சலில் தூங்கும் குழந்தை. அப்பா இல்லை. பாதித் துண்டுகள் திறக்கவேயில்லை. தேவி ஸ்டூலில் அசையாமல் இருந்தாள். அண்ணன் உட்காரவே இல்லை. ஒரு முறைகூட "சீக்கிரம்" என்று சொல்லவில்லை.

மழை கொட்டத் தொடங்கிய நேரத்தில் ஒரு துண்டு திறந்தது. ஒரு வேட்டி முனை தெரிந்தது, பிறகு முகம். திரைக்கு வெளியிலிருந்து அண்ணனின் குரல்: "அப்பா, வெளிச்சத்துக்கு வாங்க. மறுபடி சொல்லுங்க."

"மறுபடி எப்படிப்பா சொல்றது? அழுகை வந்துரும்" என்று சிரித்தார் தேவியின் அப்பா. பிறகு சொன்னார். தேவி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் மழையைப் பார்க்காமல் பின்சந்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்தது மழைத்தண்ணீர் என்று நானும் நம்பினேன். அந்த டிரைவை அழிக்க வேண்டாம், கடையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள் தேவி.

அண்ணனின் அடக்கம் முடிந்த மறுநாள் மேரி அக்கா ஒன்று கேட்டார்: "அவர் பேசுற மாதிரி ஏதாவது வீடியோ இருக்கா கலா?" கடை முழுக்கத் தேடினேன். இத்தனை கல்யாணம் எடுத்த மனிதர் ஒன்றிலும் இல்லை. எல்லாவற்றிலும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர். தொகுக்கும்போது அவர் குரலை வெட்டி எறிந்து நல்ல பாட்டுப் போடுவதுதான் என் வேலையாகவும் இருந்தது.

கடைசியில் தேவியிடம் கேட்டுக்கொண்டு அந்தப் பழைய டிரைவை எடுத்தேன். சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அன்று மூவரும் அப்பாவின் முகத்தைத் தேடிய அதே துண்டில் அண்ணன் இருந்தார். மேரி அக்காவுக்கு ஒரு நகல் எடுத்தேன். பட்டனை அழுத்துமுன் இரண்டு டிரைவையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

தப்பு நடந்தால் முதலில் உரியவரிடம் சொல்வது என்ற பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. அதோடு அந்தக் குரலும் என்னிடம் இருக்கிறது. "மறுபடி சொல்லுங்க" என்கிறார். நீங்கள்தான் அண்ணே சொல்ல வேண்டும். சீக்கிரம் லா.