பெடல்மேல் வெறுங்கால்

எங்கள் மொரிஷியஸ் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்கு நாலைந்து வருடம் முன்பு நடந்தது இது. ஊர் கியூர்பிப், வருடத்தில் பாதி நாள் தூறல்தான். எனக்கு இருபத்திரண்டு வயது. பியானோ தேர்வில் தேறினால், நான் உதவி ஆசிரியையாக இருந்த பள்ளியில் சங்கீத வகுப்பு எனக்கு. தவறினால் வேறொருத்திக்கு என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

தேர்வுக்கு வந்தது, உருகி உருகி வாசிக்க வேண்டிய பழைய ஐரோப்பிய மெட்டு ஒன்று. சுரங்கள் பத்தே நாளில் கைக்கு வந்துவிட்டன. உருக்கம்தான் வரவில்லை. இடது கை அடங்கி ஒலிக்க வேண்டும், வலது கைச் சுண்டுவிரல் பாட வேண்டும், நடை கொஞ்சம் தயங்கி, கொஞ்சம் ஓடிப் பிடிக்க வேண்டும். நானோ கோவில் பஜனையில் தாளம் போட்டு வளர்ந்தவள். பாட்டு என்றாலே என் வலது கால் தானாகத் தட்டும். பியானோவில் அந்தக் காலுக்கு அடியில்தான், அமுக்கினால் நாதத்தை நீளவிடும், விட்டால் அறுத்துவிடும் பெடல் இருக்கிறது! ஒவ்வொரு தட்டுக்கும் நாதம் துண்டு துண்டாக அறுந்து விழும்.

"அயோ அக்கா, இது பியானோவா, தையல் மெஷினா?" என்று தங்கை எங்கள் தீவின் கிரியோல் மொழியில் கேலி செய்வாள். கோபம் பொத்துக்கொண்டு வரும். அவள் சொன்னது உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வரும்.

தேர்வு நாளன்று நல்ல மழை. நனைந்த ஷூவைத் தேர்வு அறை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கோவில் வாசலில் பழகிய கால்கள், யோசிக்கவே இல்லை. பெடலில் கால் வைத்தபோதுதான் பித்தளையின் சில்லிப்பு உள்ளங்காலில் ஏறியது. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் காலையே பார்த்தார். மானம் போயிற்று என்று நினைத்தேன்.

ஆனால் அந்தச் சில்லிப்பு எனக்குத் தெரிந்த ஒன்று. காவடித் திருநாள் காலையில், ஈரக் கல்தரையில் நின்று விருத்தம் பாடும்போது காலில் ஏறும் அதே குளிர். விருத்தத்துக்கு ஏது தாளம்? மூச்சு போகும் வழியில் பாட்டு போகும், ஆர்மோனியம் மெல்லப் பின்னால் வரும். இத்தனை மாதம் இது எனக்குத் தோன்றவே இல்லையே!

வாசித்தேன். கால் தட்டவில்லை, இசை நிறம் மாறும் இடங்களில் மட்டும் மெல்ல எழுந்து இறங்கியது. சுண்டுவிரல் பாடியது. இடது கை ஆர்மோனியம்போல அடக்கமாகக் கூடவே வந்தது. ஜன்னலுக்கு வெளியே மழையும் மூடுபனியும். எப்போது முடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

தேர்வாளர் பேனாவை மூடி வைத்தார். "மார்க் போட்டாயிற்று. உங்கள் ஷூ இன்னும் காய்ந்திருக்காது. அந்தக் கடைசிப் பக்கத்தை எனக்காக இன்னொரு முறை வாசிப்பீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சங்கீத வகுப்பு எனக்குத்தான் கிடைத்தது. ஆனால் இன்றும் நினைத்து நினைத்து நெகிழ்வது அதற்காக அல்ல. அந்நியர் வீடு என்று நான் மாதக்கணக்கில் வாசலிலேயே தயங்கி நின்ற ஓர் இசைக்குள், கடைசியில் என் கோவில் காலோடுதான் நுழைந்தேன் என்பதற்காக.