விடுதலைன்னு சொல்லாதீங்க்கா

யாங்சோம் திபெத்துக்காரி, ஆனால் பேசுவது கோயம்புத்தூர்த் தமிழ். அவளுடைய அப்பாவும் அம்மாவும் குளிர்காலம் தோறும் அங்கே ஸ்வெட்டர் விற்றவர்கள். அவள் நர்சிங் படித்ததும் அங்கேதான். இப்போது அமெரிக்காவில், லிவர்மோரில் எங்கள் பக்கத்து வீடு. "என்னங்க ரூஃபஸ்ணா, இன்னைக்கும் டிராஃபிக்குங்களா?" என்று அவள் கேட்டால் ஃப்ரீவே அலுப்பே போய்விடும்.

அவளுக்கென்று மிச்சமிருக்கும் ஒரே உறவு, லாசாவில் இருக்கும் அண்ணன் லோசாங். பெற்றோர் மலை தாண்டித் தப்பி வந்தபோது உறவினரிடம் விட்டுவந்த பிள்ளை. சனிக்கிழமை சாயந்தரம் போனில் கூப்பிடுவார். அரசியல் மூச்! குளிரும் பல்வலியும்தான் பேச்சு. 2010-இல் நின்றுபோன திபெத்–சீனப் பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கலாம் என்று செய்தி வந்ததிலிருந்து அவளுக்கு ஒரே நப்பாசை. நிலைமை தளர்ந்தால் அண்ணனுக்குப் பாஸ்போர்ட் கிடைக்கும், ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிடலாம்.

அதை என் மனைவி கிருபாராணியிடம் சொல்லிவிட்டாள். சொல்லலாமா? எங்கள் சபையில் பெயர் சொல்லி ஜெபித்தால்தான் ஜெபம். ஞாயிறு ஆராதனையில் கிருபா மைக்கைப் பிடித்தாள். "லாசாவிலே இருக்கிற லோசாங்குக்கு விடுதலை தாரும் ஆண்டவரே! திபெத்துக்கு விடுதலை தாரும்!"

காய்ச்சலிலிருந்தும் விடுதலை, கவலையிலிருந்தும் விடுதலை, எங்களுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வார்த்தைதான். ஆனால் ஆராதனை யூடியூபில் லைவ். தமிழ் சரியாகப் புரியாத எங்கள் பிள்ளைகளுக்காகக் கீழே ஆங்கிலமும் ஓடியது: 'ஃப்ரீ டிபெட்'.

வீடியோவைப் பார்த்துவிட்டு யாங்சோம் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள்.

"விடுதலைன்னு சொல்லாதீங்க்கா! எங்க தலைவருங்க கேக்கறது சீனாவுக்குள்ளயே தன்னாட்சி. நீங்க சொன்ன வார்த்தைக்கு அங்க ஜெயிலுங்க. பேரு வேற சொல்லிட்டீங்களே!"

"ஐயோ, நல்லதுக்குத்தானே ப்ரே பண்ணேன்" என்று கிருபா அழுதாள். எனக்கு வந்ததே கோபம். "ஆண்டவருக்கு அட்ரஸ் தெரியாதா? ஊரும் பேரும் சொல்லணுமா?" என்று கத்தினேன்.

பாஸ்டரைப் பிடித்து வீடியோவை நீக்க வைத்தோம். அதற்குள் யார் பார்த்தார்களோ?

சனிக்கிழமை சாயந்தரம் மூன்று பேரும் அவள் வீட்டு மேசையில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வழக்கமான நேரம் தாண்டிவிட்டது. டீயை யாரும் தொடவில்லை. கடைசியில் அடித்தது. லோசாங்கேதான்! "ஸ்தோத்திரம்" என்று கிருபா என் கையைப் பிடித்தாள்.

யாங்சோம் திபெத்திய மொழியில் ஆசையாக ஏதோ சொன்னாள். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"சீனத்துல பேசறாருங்ணா. எனக்குச் சீனம் தெரியாதுன்னு அவருக்குத் தெரியும். பக்கத்துல யாரோ இருக்காங்க."

கிருபா பதறிப்போய் "ஆண்டவரே, லோசாங்கை..." என்று தொடங்கினாள். யாங்சோம் எட்டி அவள் வாயைப் பொத்தினாள்.